சிவசங்கர் அமுக்காத பொத்தான்

எனக்குச் சிவசங்கரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு, ஏதோ ஆசைப்பட்டுச் செய்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

தில்லை நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளின் கணக்கைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. ஒருவர் பாலிசி எடுக்கிறார் என்றால், என்றைக்கோ ஒரு நாள் கம்பெனி அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ பணம் கொடுத்தாக வேண்டும். அதற்கு இன்றைக்கே எவ்வளவு ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதை ரிசர்வ் என்பார்கள். கம்பெனிக்காரர்கள் பாலிசி விவரங்களையும் தாங்கள் போட்ட விடையையும் எங்கள் இணையதளத்தில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் மென்பொருள் அவர்கள் விடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முதலிலிருந்து தானே ஒரு கணக்குப் போடும். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். ஒத்துப்போனால் பச்சை, போகாவிட்டால் சிவப்பு. கடைசியில் எங்களில் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்து 'அப்ரூவ்' பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கும்வரை முடிவு எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அமுக்கிய பிறகு ஆண்டவரே இறங்கி வந்தாலும் மாற்ற முடியாது.

அந்தப் பொத்தானுக்கு உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று சிவசங்கர். பெரிய கம்பெனிகள் எல்லாம் அவர் பொறுப்பு.

என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். வருஷத்தில் பாதி நாள் கறுப்புச் சட்டை. "பேர்லயே சிவனை வச்சுக்கிட்டு என்னா பேச்சு பேசறீங்க?" என்று கேட்டால், "அது எங்கப்பா செஞ்ச தப்பு மேடம். எனக்கு அப்ப ஒரு மாசம்கூட ஆகலை, தடுக்க முடியலை" என்பார். ஆபீஸ் வாசலில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி, எல்லார் கண்ணெதிரிலும் ஜூஸ் போட்டுக் குடித்தவர். எங்கள் மேனேஜர் ரெங்கராஜ் சார் ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் திருமண் இல்லாமல் வாசல்படி தாண்டாதவர். அன்றைக்கு அவர் "ரங்கா, ரங்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிவசங்கர் சாமியை நம்பாதது அவர் பாடு. ஆனால் என் மேசையில் இருந்த சின்ன மாதா சொரூபத்தைக் காட்டி, "இவங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்று ஒரு நாள் கேட்டார் பாருங்கள், அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு.

ஒரு திங்கட்கிழமை ரெங்கராஜ் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்திண்டு உக்காருங்கோ லிசி. சென்னை ஹெட் ஆபீஸ்லேர்ந்து சித்தார்த் பேசினார். ஒரு கம்பெனிக்காரா புகார் கொடுத்திருக்கா. ரிசல்ட் ரெடியா இருந்தும் சில நாள்ல ஒரு மணி, ஒண்ணரை மணி நேரம் நம்ம ஆபீஸ்ல அதைப் பிடிச்சு வச்சுக்கறோமாம். ஒரு தடவை அந்த இடைவெளியில, அவா ஆபீஸ்லேர்ந்தே யாரோ டேட்டாவை மறுபடி ஏத்தியிருக்கா."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கே சிவப்பு விழுந்திருக்கிறது என்று பொத்தானை அமுக்குவதற்கு முன்பே யாராவது அந்தப் பக்கம் காதில் ஓதிவிட்டால், அவர்கள் ஓசைப்படாமல் திருத்தி மறுபடி ஏற்றிவிடலாம். தப்பு நடந்த சுவடே இருக்காது. அப்புறம் எங்கள் சரிபார்ப்புக்கு என்ன மரியாதை? உலையில் போடலாம்.

"சிவசங்கரா சார்?"

"நான் யார் பேரையும் சொல்லலை. ஆனா பிடிச்சு வச்சது எல்லாமே அவன் அப்ரூவ் பண்ணினது. வெள்ளிக்கிழமை சித்தார்த் வீடியோல வரார். சரியான காரணம் இல்லேன்னா அன்னிக்கே அவனை வேலையை விட்டு அனுப்பணும்னுட்டார். சத்தம் போடாம நீங்க சித்த பாருங்கோ. பெருமாளே, அவன் அப்படிப்பட்டவன் இல்லேன்னுதான் எனக்குத் தோண்றது."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெருப்பில்லாமல் புகையாது. அன்று மாலை விஷயத்தைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் டோமினிக், "ஆரம்பிச்சுட்டியா? பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாக்கூட, உள்ள இருக்கறது சாமியார்தானான்னு எட்டிப் பார்த்துட்டு முட்டி போடற ஆளாச்சே நீ" என்றார். பொன்மலை பணிமனையில் ரயில் பெட்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிற மனுஷர். அவருக்குக் கண்ணுக்குத் தெரியும் துருதான் துரு.

மறுநாள் மென்பொருளின் பதிவுகளைத் திறந்தேன். பிடித்து வைத்த நாட்கள் நிறையவே இருந்தன. செவ்வாயும் உண்டு, புதனும் உண்டு, வெள்ளியும் உண்டு. ஒரே கம்பெனி என்றும் இல்லை, நாலைந்து கம்பெனிகள். பதிவில் இருந்தது சர்வர் நேரம், நம் கடிகாரத்தோடு ஒட்டாத சீமை நேரம். அதை நம் நேரத்துக்கு மாற்றிப் பார்க்க நான் மெனக்கெடவில்லை. எந்த நேரமானால் என்ன, ஆள் திருடன் என்றால் எல்லா நேரமும் திருட்டு நேரம்தானே? நாலைந்து கம்பெனிகள் என்றதும் கூட எனக்குப் பட்டது ஒன்றுதான். பலே ஆள், பல இடத்தில் கை நனைக்கிறார்.

ஆளையும் கவனித்தேன். புதன்கிழமை மத்தியானம் ஒரு ரிசல்ட் வந்தது. ஒரே ஒரு சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை. பார்க்கப் பெரிய வேலையில்லை. சிவசங்கர் பொத்தானை அமுக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

"இல்லை, இன்னும் இல்லை," என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "முடிஞ்சதும் சொல்றேன். நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது."

இதற்கு மேல் என்ன வேண்டும்? கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. ஆனாலும் அந்தப் பக்கம் யார் என்று தெரியாமல் சித்தார்த்திடம் போய் நிற்க எனக்கு மனமில்லை. அன்று மாலை சிவசங்கர் பைக்கை எடுத்ததும், நானும் ஸ்கூட்டியை எடுத்தேன்.

அவர் வீடு கே.கே. நகர். பைக் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் புகுந்து, காவிரிப் பாலம் ஏறி, மாம்பழச் சாலையில் நின்றது. இரண்டு இளநீரும் ஒரு கிலோ மாதுளம்பழமும் வாங்கினார். துப்புக் கொடுக்கப் போகிறவன் மாதுளம்பழமா வாங்கிக்கொண்டு போவான்? உடனே என் புத்தி வேறு பக்கம் ஓடியது. அடப்பாவி, இதுவேறயா? பகுத்தறிவு பேசிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் ஒரு தனிக்குடித்தனம்! அவர் கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன். அந்தப் பெண் மகாலட்சுமி என்னை "அக்கா, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தவள். அவளை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

மேலூர் ரோட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டின் தரைத்தளத்தில் நுழைந்தார். நான் வண்டியை நிறுத்திவிட்டு, நேராகப் போய் பெல்லை அழுத்தினேன்.

கதவைத் திறந்தவர் லுங்கியில் இருந்தார். கையில் பாதி உரித்த மாதுளை. பேயறைந்த மாதிரி நின்றார்.

"லிசி மேடம்? நீங்க எப்படி இங்க?"

"அதை நான் கேக்கணும். கே.கே. நகர்ல இருந்த வீடு எப்பங்க ஆத்தைத் தாண்டி நடந்து வந்துச்சு?"

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "யாருங்க அது? உள்ள வரச் சொல்லுங்க" என்றது. நான் அவரைத் தள்ளாத குறையாக உள்ளே போனேன். கூடத்துக் கட்டிலில், மூன்று தலையணைக்கு மேல் சாய்ந்து படுத்திருந்தவள் மகாலட்சுமி. வயிறு நன்றாகத் தெரிந்தது. கட்டிக்கொண்டு வந்த கோபமெல்லாம் எனக்குப் பொசுக்கென்று போயிற்று.

"எத்தனை மாசம்மா?"

"ஏழு முடியப் போகுதுக்கா. டாக்டர் அசையவே கூடாதுன்னுட்டாங்க. அங்க மாடிப்படி ஏறணும்னு சித்தி வீட்டுல வந்து கிடக்கேன். ரெண்டு தடவை ஊருக்கெல்லாம் சொல்லி, ரெண்டு தடவையும் நிலைக்கலை. அதான் இந்தத் தடவை யார்கிட்டயும் சொல்லலை. மத்தியானம் ஸ்கேன் ரிசல்ட் வர்றதா இருந்துச்சு. இவரு லேபுக்கும் எனக்கும் மாத்தி மாத்திப் போன் பண்ணிக்கிட்டு இருந்தாரு."

மாடிப்படியில் நான் ஒட்டுக்கேட்டது இதுதான். ஆனால் பொத்தான்? அதை விட நான் தயாராக இல்லை. வந்த காரணத்தை மறைக்காமல் சொன்னேன். கம்பெனியின் புகார், என்னைப் பார்க்கச் சொன்னது, வெள்ளிக்கிழமை காரணம் சொல்லாவிட்டால் வேலை போகும் என்பது, எல்லாவற்றையும்.

சிவசங்கர் மாதுளையையே பார்த்துக்கொண்டு நின்றார். மகாலட்சுமி அவரைப் பார்த்தாள். "சொல்லுங்களேன்" என்றாள்.

"மகா, நீ சும்மா இரு."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"மகா!"

"ராகு காலம்க்கா," என்றாள் அவள். "ராகு காலத்துல ரிசல்ட் வந்தா, முடியற வரைக்கும் அமுக்க மாட்டாரு. நான் ஒண்ணும் கேக்கலை. நான் அதெல்லாம் பார்க்கறதே இல்லை. இவருதான்."

நான் வாயைப் பிளந்துகொண்டு சிவசங்கரைப் பார்த்தேன். எலுமிச்சம்பழத்தை ஜூஸ் போட்டவர்! சிரிப்பு தொண்டை வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

"எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாதுங்க," என்றார். "ராகுவும் கிடையாது, கேதுவும் கிடையாது. இப்பவும் சொல்றேன். ஆனா பயம் இருக்கு. இந்த சாஃப்ட்வேர் முதல்முதலா ஓடின அன்னிக்கு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஆபீஸே சுற்றி நின்றது. ரெங்கராஜ் சார், "ராகு காலம், சித்த பொறுங்கோ சிவசங்கர், போயிடட்டும்" என்று கெஞ்சினார். சிவசங்கர், "ராகு வந்தா என் பக்கத்து சீட்டுல உக்காரச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"அன்னிக்குச் சாயங்காலம்தான் இவளுக்கு ரத்தம் போச்சு. அஞ்சு மாசம். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும் மேடம், யாரைவிடவும் நல்லாத் தெரியும். ஆனா அந்த நேரத்துல விரல் பொத்தான்கிட்ட போக மாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும்?"

"இதை அப்படியே சொல்லிட வேண்டியதுதானே?"

"யார்கிட்ட? ரெங்கராஜ் சார்கிட்டயா? அவரைப் பார்த்து அவ்வளவு பேரையும் சிரிக்க வச்சவன் நான். என்னைத் திருடன்னு சொல்லிக்கட்டும், பரவாயில்லை. வேலையை விட்டுப் போறேன். ராகு காலம்னு என் வாயால அவர்கிட்ட சொல்ல மாட்டேன்."

"வேலை போனா ஆபீஸ்ல கொடுக்கிற மெடிக்கல் கவரும் போயிடும்க்கா," என்றாள் மகாலட்சுமி. "குழந்தையை முன்னாடியே எடுக்க வேண்டியிருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்னா எங்கேருந்து கொடுக்கறது? இவரு கௌரவத்தை வச்சா?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "அந்த வறட்டுக் கௌரவத்தைக் கொண்டுபோய்க் காவிரியில போட்டுட்டு வாங்க" என்று அவரைத் திட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

பாலத்தில் திரும்பி வரும்போதே என் குணம் தலைதூக்கிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சியைப் படுக்க வைத்துவிட்டு ஒரு கதை சொன்னால் நான் நம்பிவிட வேண்டுமா? கர்ப்பம் நிஜம், ராகு காலம் நிஜமா? மறுநாள் காலை முதல் வேலையாகப் பதிவுகளைத் திறந்து, சீமை நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றி, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். அத்தனையும் பொருந்தியது. செவ்வாய்க்குச் செவ்வாய், புதனுக்குப் புதன், ஒன்றுகூடப் பிசகவில்லை.

அப்புறம்தான் அந்தக் கம்பெனிக்காரர்கள் மறுபடி ஏற்றிய டேட்டாவைத் திறந்தேன். அதுவரை நான் அதைத் தொடவே இல்லை. எனக்குத்தான் பதில் தெரியுமே, எதற்குத் திறக்க வேண்டும் என்ற திமிர். திறந்து பார்த்தால், எங்கள் மென்பொருள் காட்டிய சிவப்பு அப்படியே இருந்தது. அவர்கள் திருத்தியது கிளை அலுவலகங்களின் பெயரை மட்டும். துப்புக் கிடைத்திருந்தால் சிவப்பை விட்டுவிட்டு ஊர்ப் பெயரையா திருத்துவார்கள்? இதைத் திங்கட்கிழமையே பார்த்திருக்கலாம். எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ரெங்கராஜ் சார் அறையில் உட்கார்ந்தோம். திரையில் சித்தார்த். சின்ன வயசு, இஸ்திரி போட்ட பேச்சு. நான் மறு ஏற்றத்தைக் காட்டி, துப்பு எதுவும் போகவில்லை என்று நிரூபித்தேன். அவர் இரண்டு கேள்வி கேட்டு ஒப்புக்கொண்டார்.

"ஓகே, லீக் இல்லை. சந்தோஷம். ஆனா இத்தனை தடவை ஏன் பிடிச்சு வச்சீங்க? சிவசங்கர், ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. ஃபைலை மூடிடறேன்."

சிவசங்கர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். "சொந்தக் காரணம் சார். சொல்ல விருப்பமில்லை."

"கிளையண்ட்டுக்கு நான் அப்படி எழுத முடியாது. இது உங்க வேலை விஷயம்."

"தெரியும் சார்."

"அப்ப எனக்கு வேற வழியில்லை. இன்னியோட..."

"நான்தான் சார் பிடிச்சு வைக்கச் சொன்னேன்," என்றேன்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்களா? எதுக்கு?"

"ராகு காலம் சார். அந்த நேரத்துல நல்ல காரியம் எதுவும் செய்யக் கூடாதுன்னு எனக்கு ஒரு இது. சிவசங்கர்கிட்ட கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். அவரு என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு பேசாம இருக்காரு."

ரெங்கராஜ் சாருக்கு மூக்குக் கண்ணாடி நழுவியது. "லிசி, நீங்க வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போறவாளாச்சே?"

"அது வருஷத்துக்கு ஒரு தடவைதான் சார் வருது. ராகு காலம் தினமும் வருதே."

சித்தார்த் போனில் எதையோ தேடி, தன் முன்னால் இருந்த தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "சாரி லிசி. இப்படி நேரம் காலம் பார்க்கிறவங்க கையில அந்தப் பொத்தானைக் கொடுத்து வைக்க முடியாது. உங்க அப்ரூவல் உரிமையை எடுத்துடறேன். இனிமே எல்லாத்தையும் சிவசங்கரே பார்க்கட்டும். சிவசங்கர், இன்னொரு தடவை யார் சொன்னாலும் பிடிச்சு வச்சீங்கன்னா, அன்னிக்கு நான் காரணமே கேக்க மாட்டேன்."

எத்தனை வருஷமாக நான் அமுக்கிய பொத்தான்! ஒரு நிமிஷத்தில் போயிற்று. வெளியே வந்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாடிப்படியில் சிவசங்கர் என்னை மறித்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"என்னாது?"

"எனக்காக எதுக்குப் பொய் சொன்னீங்க? உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு ஆபீஸுக்கே தெரியும். என் குடுமி உங்க கையில இருக்கணும்னா? என்னைக்காவது ரெங்கராஜ் சார்கிட்ட சொல்லிடுவேன்னு மிரட்டறதுக்கா? இப்பவே சொல்லிடுங்க, எனக்கும் நிம்மதி."

பளாரென்று ஒன்று விடலாமா என்று இருந்தது. "எனக்கு ஒரு மண்ணும் வேணாம், நகருங்க" என்று இறங்கிவிட்டேன். வீட்டில் டோமினிக்கிடம் சொல்லி அழுதேன். அவர் அன்றைக்குக் கேலி செய்யவில்லை. அவரே டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

அதற்கப்புறம் சிவசங்கர் என் பக்கம் திரும்பவில்லை. ஓரக்கண்ணால் மட்டும் பார்ப்பார், நான் எப்போது கேட்பேன் என்று. ராகு காலத்தில் ரிசல்ட் வந்துவிடாதபடி கம்பெனிக்காரர்களிடம் முன்னே பின்னே ஏற்றச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் என் பாடுதான் திண்டாட்டம். நான் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் காலண்டரைக் காட்டுவார்கள். ராகு காலத்தில் டீ கூட ஊற்றித் தர மாட்டேன் என்று கேலி. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

எட்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பெரிய கம்பெனி ஒன்றின் ஆண்டுக் கணக்கு. அன்றைக்கே முடிவு வெளியாக வேண்டும் என்று சித்தார்த் காலையிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். டீ நேரத்துக்கு ரிசல்ட் வந்து நின்றது. எல்லாம் பச்சை. அதே நேரத்தில் சிவசங்கரின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் முகம் வெளுத்துவிட்டது. பரிசோதனைக்குப் போன மகாலட்சுமியை அப்படியே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளித்தான்.

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். ரெங்கராஜ் சார் தன் அறையிலிருந்து, "சிவசங்கர், சித்தார்த் லைன்ல இருக்கார். எங்க கிளம்பினாலும் அமுக்கிட்டுக் கிளம்புங்கோ. உங்களை விட்டா இங்க வேற யாருக்கும் உரிமை இல்லை" என்று கத்தினார்.

சிவசங்கர் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தார். செவ்வாய்க்கிழமை டீ நேரம் என்ன நேரம் என்று எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். விரல் மௌஸ் வரை போய்ப் போய்த் திரும்பியது. அமுக்காவிட்டால் வேலை இல்லை. அமுக்கினால், அங்கே அவள் ஆபரேஷன் மேசையில் கிடக்கிறாள். அந்த மனுஷர் நகரவும் முடியாமல் அமுக்கவும் முடியாமல் நின்ற கோலத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்ரூவ் உரிமைதான் எனக்குப் போயிற்று. கேள்வி கேட்கிற உரிமையை யாரும் எடுக்கவில்லை. எங்கள் மென்பொருளில் எந்த வரிசையிலும் யாரும் ஒரு சந்தேகத்தை எழுதி வைக்கலாம். அதற்கு ஒருவர் பதில் எழுதி முடிக்கும்வரை அப்ரூவ் பொத்தான் செத்துக் கிடக்கும். நான் ஏதோ ஒரு பாலிசியைத் திறந்தேன். 'இவர் வயது சரியா? மூலத்தோடு ஒப்பிடவும்' என்று தட்டினேன். சிவசங்கரின் திரையில் பொத்தான் சாம்பல் நிறமாயிற்று.

அவர் தலையைத் தூக்கினார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். கழுத்தை அறுக்கிறாயே பாவி என்கிற பார்வை. நானும் அவரை முறைத்தேன். "என்னா முழிக்கிறீங்க? எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. தீர்ற வரைக்கும் யாராலயும் அமுக்க முடியாது, சித்தார்த் தாத்தா வந்தாலும் முடியாது. இங்க நின்னு என்ன செய்யப் போறீங்க? ஓடுங்க!"

ஒரு கணம் புரியாமல் நின்றார். பிறகு புரிந்தது. படிகளில் தடதடவென்று இறங்கிய சத்தம் மட்டும் கேட்டது.

ரெங்கராஜ் சார் ஓடி வந்தார். "லிசி, இன்னிக்குப் போயா? பச்சையா இருக்கறதுல என்ன சந்தேகம்?"

"பச்சையா இருக்கே சார், அதான் சந்தேகம்" என்றேன். ஸ்பீக்கரில் சித்தார்த் கூச்சல் போட்டார். விதிப்படி என்னை ஒன்றும் செய்ய முடியாது. ஆள் விட்டு மூலத்தைத் தேடி முதல் கேள்விக்குப் பதில் எழுதினார்கள். நான் இரண்டாவதை எழுதினேன். அதற்கும் எழுதினார்கள். மூன்றாவதை எழுதினேன். ரெங்கராஜ் சார் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேலை போனால் போகட்டும் என்று இருந்தேன். மேசைக்கு அடியில் என் இடது கை ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தது.

என் போன் அடித்தது. சிவசங்கர்.

"மேடம்," என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம். "பொண்ணு மேடம். எடை கொஞ்சம் கம்மி. அழுதுட்டா, நல்லா சத்தமா அழுதுட்டா. மகாவும் நல்லா இருக்கா. உங்ககிட்டதான் முதல்ல சொல்லச் சொன்னா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ராகு காலம் இன்னும் முடியவில்லை. குழந்தை அதற்குள்ளேயே பிறந்துவிட்டது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

"நான் இப்ப வந்து அமுக்கிட்டுப் போயிடட்டுமா?" என்று கேட்டார்.

இனிமேல் என்ன, தாராளமாக வாங்க என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் கை அதற்குள் நாலாவது பாலிசியைத் திறந்துவிட்டது.

"பேசாம பொண்ணைப் பார்த்துக்கிட்டு அங்கேயே இருங்க," என்றேன். "எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கு."